சிறுபோகப் பட்டியல் எங்கே இருக்கிறது? பகிர்ந்த ஆவணம் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிறுபோகக் கூட்டம், அதாவது மழை குறைந்த காலத்து நெற்செய்கைக்கான கூட்டம், முடிந்த மறுநாள், எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் எக்செல் பட்டியலைப் போட்டேன். அமைப்பின் செயலாளர் என்ற முறையில் அது என் வேலை. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் விதைக்கும் பரப்பு முழுவதற்கும் அந்த நீர் போதாது. கிடைத்த ஏக்கரை எல்லோருக்கும் பங்கிட்டு, யாருக்கு எந்த வாய்க்காலில் எவ்வளவு என்று எழுதிய பட்டியல் அது. அன்றிரவே பொருளாளர் அதைத் தன் கணினியில் இறக்கி, இரண்டு பெயர்களின் பரப்பைத் திருத்தித் திரும்பப் போட்டார். காலையில் வாய்க்கால் பிரதிநிதி ஒருவர் அந்தத் திருத்தத்தைக் காணாமல், என்னுடைய முதற் பட்டியலை எடுத்து வேறு மூன்று பெயர்களைத் திருத்திப் போட்டார். மத்தியானத்துக்குள் குழுவில் நான்கு பட்டியல்கள். ஒன்றின் பெயரில் ‘இறுதி’ என்று இருந்தது, இன்னொன்றில் ‘இறுதி புதியது’ என்று இருந்தது.

தண்ணீர் திறக்கும் கிழமையில்தான் வினை தெரிந்தது. கணவரை இழந்த ஓர் அம்மாவின் அரை ஏக்கர் இரண்டு பட்டியல்களில் இருந்தது, மற்ற இரண்டில் இல்லை. அவர் அதற்குள் உழவுக்குக் காசு கொடுத்துவிட்டார். வரம்பில் நின்று போனை மேலும் கீழும் தள்ளித் தேடினோம். கடைசியில் அவருடைய பங்கு அவருக்குக் கிடைத்தது. ஆனால் மூன்று நாள் அவர் அலைந்தார், அந்த மூன்று நாளை இன்றும் நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

நான்கு பட்டியல்கள் உண்டானதற்கு ஒருவரின் கவனக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது. கோப்பை அனுப்பும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. ஒரு கோப்பை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இருபது பேருக்கு அனுப்பினால், இருபது போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்ததாகவே கொள்ளவேண்டும். ஒருவர் தன் பிரதியில் செய்யும் திருத்தம் மற்றப் பத்தொன்பது பிரதிகளையும் எட்டாது. அவர் தன்னுடையதைத் திரும்ப அனுப்பினால் இருபத்தோராவது பிரதி பிறக்கும்.

இப்போது சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அது ஒன்றே ஒன்று. சனசமூக நிலையத்து அலுமாரியில் இருக்கும். எழுத வேண்டியவர் அங்கே போய் எழுதுவார், பார்க்க வேண்டியவர் அங்கே போய்ப் பார்ப்பார். ‘எது சரியான புத்தகம்’ என்ற கேள்வியே எழாது. பகிர்ந்த ஆவணம் என்பது இணையத்தில் ஓரிடத்தில் வைக்கப்பட்ட அப்படியொரு ஒற்றைப் புத்தகம். அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்புகிறோம். இணைப்பு என்று சொல்வது அந்த முகவரியைத்தான். அலுமாரிப் புத்தகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் விரிக்கலாம். இதைக் கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் ஒருவரும் வட்டக்கச்சியில் ஒருவரும் ரொறன்ரோவில் ஒருவரும் ஒரே கணத்தில் விரித்து எழுதலாம். ஒருவர் எழுதுவது மற்றவரின் திரையில் எழுத்தெழுத்தாக விழும். முதல் தடவை பார்க்கும்போது பொருளாளர் போனை மேசையில் வைத்துவிட்டு, “நான் தொடவில்லையே” என்றார்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, தெரிந்தால் பயம் போய்விடும். ஆவணம் உங்கள் போனில் இல்லை. சேவையை நடத்தும் நிறுவனத்தின் பெரிய கணினியில், அதாவது வழங்கியில் இருக்கிறது. நீங்கள் ஓர் எண்ணை மாற்றும்போது முழுப் பட்டியலும் பயணம் செய்வதில்லை. ‘7ஆம் வரிசை, பரப்பு என்ற நிரல், 2 என்பதை 1.5 ஆக்கு’ என்ற அளவில் ஒரு சிறு குறிப்புத்தான் போகிறது. வழங்கி அதைப் பதிந்துகொண்டு, அதே ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் குறிப்பை அனுப்பிவைக்கிறது. குறிப்பு சிறியது என்பதால், வீடியோ ஓடாத இடத்திலும் இது ஓடுகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் மரத்தடியில் நின்று சிக்னல் பிடிப்பவருக்கு இது பெரிய விடயம்.

இருவர் ஒரே வரியில் கை வைத்தால்தான் சிக்கல். திரையில் ‘கூட்டம் காலை நடைபெறும்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் தொடக்கத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று சேர்க்கிறேன். அதே நொடியில் பொருளாளர் ‘காலை’ என்பதற்குப் பின்னால் ‘9 மணிக்கு’ என்று சேர்க்கிறார். கணினி இடத்தை எண்ணித்தான் அறியும். ஆகவே அவருடைய குறிப்பு ‘இரண்டாம் சொல்லுக்குப் பின்னால் சேர்’ என்று போகிறது. (உண்மையில் எழுத்துகளை எண்ணும். விளங்குவதற்காகச் சொல் என்கிறேன்.) ஆனால் என்னுடைய சொல் முன்னால் நுழைந்துவிட்டதே! இப்போது இரண்டாம் சொல் ‘கூட்டம்’. குறிப்பை அப்படியே நிறைவேற்றினால் ‘ஞாயிற்றுக்கிழமை கூட்டம் 9 மணிக்கு காலை நடைபெறும்’ என்று வசனம் குழம்பிவிடும். அதனால் முன்னால் ஒரு சொல் நுழைந்திருப்பதைக் கணக்கில் எடுத்து, ‘இரண்டு’ என்பதை ‘மூன்று’ என்று மாற்றிக்கொண்டபின்தான் குறிப்பு நிறைவேறுகிறது. முடிவில் இருவர் திரையிலும் ‘ஞாயிற்றுக்கிழமை கூட்டம் காலை 9 மணிக்கு நடைபெறும்’ என்று நிற்கும்.

எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வழியை 1989இல் எழுதி வெளியிட்டார்கள். எண்ணம் அதைவிடப் பழையது. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில், டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியியலாளர், வேறோர் ஊரில் இருந்த தன் சகாவுடன் ஒரே ஆவணத்தில் வேலை செய்து மேடையில் காட்டினார். அது சாதாரண மக்களின் கைக்கு வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எடுத்தன. சோகோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் ரைட்டர் என்ற எழுதும் செயலி 2005இல் வந்தது. 2006இல் கூகுள் நிறுவனம் ரைட்லி என்ற செயலியை வாங்கி, அதைக் கூகுள் டாக்ஸாக வளர்த்தது. சோகோ இன்று தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அலுவலகம் வைத்து நடத்துகிறது. மென்பொருள் வேலைக்கு மாநகரம்தான் வேண்டும் என்ற எண்ணம் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. படிப்பு இங்கே வந்ததுபோல் வேலையும் வரலாம் என்று நம்புகிறேன்.

வசனத்துக்குச் சொன்ன இணக்கம் எண்கள் எழுதும் அட்டவணைக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். இருவர் ஒரே கட்டத்தில் இரு எண்களை எழுதினால், கடைசியாக வந்தது நிற்கும், மற்றது போய்விடும். ஆகவே எங்கள் பட்டியலில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தனித் தாள் வைத்திருக்கிறோம். அந்தந்த வாய்க்கால் பிரதிநிதிதான் அந்தத் தாளில் கை வைப்பார். மற்றவர்கள் தொடமுடியாதபடி தாளைப் பூட்டிவைக்கவும் வசதி உண்டு.

என் அனுபவத்தில் வேகத்தைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. ஆவணம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை எதுவாக மாற்றினார் என்பது பதிவாகிறது. கூகுள் ஷீட்ஸைக் கணினியில் திறந்து, ஒரு கட்டத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தினால், அந்த ஒரு கட்டத்தின் திருத்த வரலாற்றை மட்டும் பார்க்கலாம். எங்கள் ஊர்ச் சங்கங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் ‘யார் என் பெயரை வெட்டியது’ என்பதில்தான் தொடங்குகிறது. சென்ற சிறுபோகத்தில் ஒருவர் அப்படிக் கோபமாக வந்தார். பொருளாளர் கணினியைத் திருப்பி அவருக்குக் காட்டினார். ஒன்றரை ஏக்கர் என்று இருந்தது ஒன்றாக மாறியிருந்தது. மாற்றியவர் அவருடைய சொந்த மருமகன். அரை ஏக்கரைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ள மாமனார் சம்மதித்திருந்தார், பிறகு மறந்துவிட்டார். வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து எழுதவேண்டும். ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்று திறந்துவிட்டால், கணக்கில் நுழையாமல் எழுதியவரின் பெயர் வரலாற்றில் வராது. பெயரிலி என்றுதான் நிற்கும். பகிரும்போது மூன்று நிலைகள் காட்டப்படும். பார்ப்பவர் பார்க்க மட்டும் முடியும். கருத்துரைப்பவர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம், உள்ளே தொடமுடியாது. திருத்துபவர் எதையும் மாற்றலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஆலோசனை: எல்லோருக்கும் பார்வையை மட்டும் கொடுங்கள், திருத்தும் உரிமையை நாலைந்து பேருக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். முறைப்பாடு உள்ளவர் ஓரத்தில் எழுதட்டும்.

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் மலரை இப்படித்தான் தயாரித்தோம். இங்கே காலை 8 மணி என்றால் கோடைகாலத்தில் லண்டனில் விடியப்புறம் 3.30, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 10.30. முன்பு எல்லோரையும் ஒரு தொலைபேசிக் கூட்டத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. பகிர்ந்த ஆவணத்தில் கூடவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. நான் இரவில் ஒரு கட்டுரையைத் திருத்தி, ‘இந்த ஆண்டு சரியா? அதிபர் மாறியது அடுத்த ஆண்டு அல்லவா?’ என்று ஓரத்தில் கேட்டுவிட்டுப் படுப்பேன். விடிந்து பார்த்தால் ரொறன்ரோவில் இருந்து பதிலும், அதற்குக் கீழே ஒரு பழைய புகைப்படம் பற்றிய தகவலும் இருக்கும். ஒரே நேரத்தில் விழித்திருக்காமலே ஒன்றாக வேலை செய்தோம்.

தமிழர்களுக்கு இந்த முறை புதிது என்று எண்ணவேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்க காலத்தில் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். அங்கும் இதே நியதிதான்: ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம், அதில் பல கைகள், ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் மலர்களும் பலருடைய கூட்டு உழைப்பால் சேர்ந்திருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், ஒரு கட்டடத்துக்குள் மட்டும் புத்தகத்தை வைத்திருப்பது போதாது என்று உணர்ந்து செய்த வேலை அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

படிப்பில் இதன் பயனை என் மகளிடம் பார்த்தேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அவள் கட்டுரைகளைக் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவாள். படம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், விளக்கு வெளிச்சத்தில் பாதி தெரியாது. ஆசிரியர் “இரண்டாம் பந்தி சரியில்லை” என்று குரல் பதிவு அனுப்புவார். எந்த வசனம் என்று இவளுக்கு விளங்காது. இப்போது உயர் தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வவுனியாவில் உள்ள ஓர் ஆசிரியரிடம் ஒரே ஆவணத்தில் எழுதுகிறாள். அவர் ஒரு வசனத்தைத் தொட்டு, அதன் ஓரத்தில் ‘இதற்குக் காரணம் சொல்லவில்லையே’ என்று எழுதுகிறார். இவள் திருத்துகிறாள். அவர் மறுபடியும் பார்த்து, அந்தக் குறிப்பை மூடிவிடுகிறார். ஒரு கட்டுரை ஆறேழு தடவை இப்படிப் போய்வருகிறது. கொப்பியில் என்றால் ஒரு தடவைக்கு மேல் நடக்காது.

ஆனாலும் அவளிடம் ஒன்று கட்டாயமாகச் சொல்லியிருக்கிறேன். திருத்தி முடித்த கட்டுரையை மூடிவைத்துவிட்டு, கடிகாரத்தை வைத்துத் தாளில் பேனையால் மறுபடி எழுதவேண்டும். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் எழுதப்போவது கைதான்.

இனி, எங்கள் ஊரில் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்.

முதலாவது பாமினி. எங்கள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல ஆண்டுகளாக அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்துவந்தார்கள். பாமினியில் உள்ள தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்தப் பழைய கோப்பில் இருந்து வெட்டிப் பகிர்ந்த ஆவணத்தில் ஒட்டினால் போர்வை கழன்றுவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளியாக இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். பாமினியை யுனிகோடாக, அதாவது எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் பொதுக் குறியீட்டு முறையாக, மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. அதில் ஒட்டி, மாற்றி, எடுத்துக்கொள்ளலாம். புதிதாக எழுதுவதை யுனிகோடில் எழுதுங்கள். போனின் தமிழ் விசைப்பலகை யுனிகோடுதான். தட்டத் தெரியாத பெரியவர்கள் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசினால் தமிழாக விழும். பெயர்களை மட்டும் திரும்பப் பார்த்துத் திருத்தவேண்டும்.

இரண்டாவது, அடையாள அட்டை இலக்கம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். உதவித் திட்டப் பட்டியல்களில் பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிட்ட பட்டியல்களைக் கண்டிருக்கிறேன். இலங்கையின் புதிய 12 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எண் ஒன்றிலிருந்தே பிறந்த நாளும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பக்கத்தில் முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருந்தால், தனியாக வாழும் ஒரு பெண்ணின் விவரம் முழுவதையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்ததாகிவிடும். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எங்கள் அயலவரின் விவரம் எங்கள் கையில் உள்ள அடைக்கலப் பொருள். எல்லோரும் பார்க்கும் பட்டியலில் பெயரும் பரப்பும் போதும். மற்றவற்றை வேறு ஆவணத்தில், இருவர் மூவர் மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

மூன்றாவது, ஆவணம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும். பழைய செயலாளரின் சொந்தக் கணக்கில் எல்லாம் இருக்கும். அவர் வெளிநாடு போய்விட்டால் புத்தகமும் கூடவே போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து அதிலேயே உருவாக்குங்கள். கடவுச்சொல்லை உறையில் இட்டு ஒட்டி, அறிக்கைப் புத்தகத்தோடு வையுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விடப்பட்ட கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால், போகத்துக்கு ஒரு தடவையாவது அதில் நுழையவேண்டும்.

இணையம் இல்லாதபோது என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். போனில் உள்ள செயலியில், குறித்த ஆவணத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்கூட்டியே தெரிவு செய்து வைக்கலாம். வயலில் நின்று எழுதுவது போனில் தங்கியிருக்கும், சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் தானாகப் போய்ச் சேரும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றபோது வீட்டுக் கணினி வெறும் பெட்டியாகக் கிடந்தது. போனில் மிச்சமிருந்த சார்ஜில்தான் என் வேலை நடந்தது.

ஒரு விடயத்தைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். 2008, 2009இல் போரினால் இங்கிருந்து இடம்பெயர்ந்தவர்கள், பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆற்றிலும் சேற்றிலும் பதுங்குகுழியிலும் அவற்றைத் தொலைத்தவர்கள் ஏராளம். செட்டிகுளத்து முகாமிலிருந்து திரும்பியபின், ஒரு பதிவு இலக்கம் நினைவில் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களை எனக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன்: உங்கள் பத்திரங்களைப் போனில் தெளிவாகப் படம் எடுத்து, யாருடனும் பகிராமல், உங்கள் கணக்கில் மட்டும் ஏற்றி வையுங்கள். அந்தப் படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால், புதிய பிரதிக்கு விண்ணப்பிப்பது எவ்வளவோ இலகு. கூகுள் கணக்கில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் இதற்குத் தாராளம்.

எங்கள் அமைப்பில் பாதிப் பேரிடம் இன்னும் சாதாரண போன்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டியலை அச்செடுத்துச் சனசமூக நிலையத்துச் சுவரில் ஒட்டுகிறோம். தாளின் அடியில் எடுத்த திகதியும் நேரமும் இருக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய பேனை தொங்கும். பிழை கண்டவர்கள் தாளிலேயே எழுதி ஒப்பமிடுகிறார்கள். ஞாயிறு மாலை என் மகள் போய் அவற்றைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அந்தந்த வரிசையின் ஓரத்தில், எழுதியவரின் பெயரோடு குறிப்பாகச் சேர்த்துவிட்டு வருகிறாள். சென்ற தடவை சுவரில் இருந்த தாளில் மூன்று திருத்தங்கள் இருந்தன. அரை ஏக்கர் என்ற ஒரு வரிசைக்கு நேரே திருத்தம் எதுவும் இல்லை. பேனையால் போட்ட ஒரு சரி அடையாளமும், கீழே அந்த அம்மாவின் ஒப்பமும் மட்டும் இருந்தன.